அம்மாவின் மாத்திரைப் பையும் ஐந்து ராத்திரிக் கடலும்

என் அம்மா ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். என் தாத்தா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து, திரும்ப சென்னைத் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறுவார். 1926-ல் கட்டிய கப்பல் அது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. 1959-ல் எட்டு வயதுப் பெண்ணாக, பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நைனாவை வழியனுப்பப் போனதை அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. மேல்தட்டில் ஆயிரம் தலை தெரிந்ததாம், நைனா எது என்று கடைசி வரை தெரியவே இல்லையாம்.

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் 17.21 கோடி ரூபாயில் கட்டிய பன்னாட்டுச் சொகுசுக் கப்பல் முனையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் விடுகிறார்கள் என்ற செய்தியைப் பேப்பரில் படித்ததுமே முடிவு செய்துவிட்டேன். ஜூலையில் அம்மா, நான், ப்ளஸ் டூ முடித்த என் மகன் மூன்று பேரும் கிளம்பினோம். ஐந்து ராத்திரிப் பயணம், நடுவில் திருகோணமலை. போய்வந்ததிலிருந்து, "எங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா, என்னென்ன எடுத்துக்கணும்?" என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள்.

மதியம் இரண்டு மணிக்கு முனையத்துக்குள் போனதும் பெரிய பெட்டிகளை வாங்கி, அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். ரயிலில் போல பெட்டி நம் கூடவே வராது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளின் சாமான் மொத்தமும் ஸ்கேன் ஆகி, கப்பலின் அடித்தளத்தில் குவிந்து, தளம் தளமாகப் பிரிந்து நம் கதவுக்கு வந்து சேர நாலு மணி நேரமும் ஆகலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். இது எனக்குத் தெரியாது. அம்மாவின் இன்சுலின் பேனா, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியில் வைத்திருந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டாக வேண்டும். மாலை ஐந்தரைக்கு, "அந்தப் பையை எடுடி" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

ஓடினேன். வரவேற்பு மேசையில் நின்ற பெண் பதறாமல் அறை எண்ணைக் குறித்துக்கொண்டு, கப்பல் மருத்துவரிடமும் சொல்லிவைத்து, ஒருவரை என்னோடு அனுப்பினார். மூன்றாம் தளத்து நடைபாதையில் மலைபோல் குவிந்திருந்த பெட்டிகளுக்குள் எங்கள் பச்சைப் பெட்டியைத் தேடி எடுக்கும்போது மணி ஏழே கால். ஊசி நேரத்துக்குப் போட்டாயிற்று. ஆனால் ஆறு மணிக்குக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. அம்மா எந்த நிமிஷத்துக்காக அறுபத்து நாலு வருடம் காத்திருந்தாரோ அந்த நிமிஷத்தில் நான் பக்கத்தில் இல்லை. என் மகன்தான் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மேல்தட்டில் நின்றான். இழுவைப் படகுகள் கப்பலை மெல்லத் திருப்பியதும், காசிமேட்டுப் படகுகள் சின்னதாகிக்கொண்டே போனதும், வழிகாட்ட வந்த பைலட் ஏணியில் இறங்கிச் சின்னப் படகுக்குத் தாவியதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால் முதல் வேலை, ஒரு கைப்பை. பயணம் முழுவதற்குமான மாத்திரை, அதற்கு மேல் மூன்று நாளைக்குக் கூடுதலாக. மருத்துவர் சீட்டின் நகல், கண்ணாடி, போன் சார்ஜர், ஒரு மாற்று உடுப்பு, பாஸ்போர்ட், டிக்கெட், இன்சூரன்ஸ் தாள். இன்சுலின் என்றால் சின்ன ஜில் பை. அறையில் குளிர்பெட்டி உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், இல்லாவிட்டால் மருத்துவ அறையில் வைத்துத் தரச் சொல்லுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் அவரைப் பார்க்கக் காசு உண்டு, உங்கள் அம்மா சாப்பிடும் அதே மாத்திரை அவரிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. நம் தெருவில் பத்தடிக்கு ஒரு மருந்துக்கடை. கரை மறைந்த பிறகு ஒன்றும் கிடையாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது, கப்பலிலிருந்து அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள். பெரியவர்களைக் கூட்டிப்போகும்போது அதில் கஞ்சம் பிடிக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். விசா விதி அடிக்கடி மாறுவதால் முகவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளை 24 வாரத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள்.

எடுத்துப்போகக் கூடாதவை என்று ஒரு வரிசை இருக்கிறது. அயர்ன் பாக்ஸ், கெட்டில், தண்ணீர் காய்ச்சும் கம்பி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரம். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை, கப்பல்காரர்கள் மிகவும் அஞ்சுவது அதற்குத்தான். அம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருந்ததே இல்லை. வீட்டிலேயே பேசி, பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று பாரிமுனையில் வாங்கிவந்தோம். முருகன் படத்துக்கு முன்னால் அதை வைத்துக் கும்பிட்டார். இதையெல்லாம் முனையத்து வாசலில் வைத்துப் பெரியவர்களிடமிருந்து பிடுங்கவிடாமல், வீட்டிலேயே சொல்லிப் புரியவைத்துவிடுங்கள்.

ஏறியதும் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையைச் சிலர் செல்பி எடுத்துக்கொண்டே கடத்துகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மனசு பதறியது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்றைக்குப் புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி 2015 முதல் மாறியது. ஏழு குட்டைச் சங்கும் ஒரு நீண்ட சங்கும் ஒலித்தால் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். ஆபத்து நேரத்தில் லிஃப்டில் ஏறக் கூடாது. அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் மறுநாள் காலை அறையிலிருந்து கூடுமிடம் வரை படியிலேயே நடத்திக் கூட்டிப்போனேன். முப்பத்தாறு படி. நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். அன்று மாலை மறுபடி நடந்தோம். அப்போது வழியை அவரே சொன்னார்.

அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஊஞ்சல் பலகை மாதிரிதான், நுனிகள் அதிகம் ஆடும், நடு குறைவாக ஆடும். பால்கனி அறை அழகுதான், உயரத்தில் ஆட்டம் கூடுதல். ஜன்னல் இல்லாத உள்ளறை விலை குறைவு, ஆனால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பகலா ராத்திரியா என்றே தெரியாது. குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்புப் படி இருக்கிறது. ராத்திரியில் இரண்டு முறை எழுந்திருக்கும் பெரியவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. குளியலறை விளக்கைப் போட்டு, கதவை லேசாகத் திறந்து, இடையில் ஒரு துண்டைச் செருகிவைத்தோம். அப்புறம், வாளியும் சொம்பும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப்போங்கள். எங்கள் பெட்டியில் அதிகம் பயன்பட்ட பொருள் அதுதான்.

இரண்டாம் நாள் ராத்திரி கடல் கொஞ்சம் புரட்டியது. கண்ணுக்கு அறை அசையாமல் இருக்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ ஆடுகிறது என்கிறது. மூளை இரண்டையும் ஒத்துப்பார்க்க முடியாமல் குமட்டலாகிறது. மகன்தான் சுருண்டு படுத்தான். அம்மா அசையவே இல்லை. உப்பு நார்த்தங்காய்த் துண்டையும் இஞ்சி மரப்பாவையும் அவன் வாயில் அடக்கச் சொல்லி, மேல்தட்டுக்குக் கூட்டிப்போய், "தூரத்துல வானமும் கடலும் சேர்ற அந்தக் கோட்டையே பாருடா, போனைப் பாக்காத" என்றார். நிலா வெளிச்சத்தில் தொடுவானம் மங்கலாகத் தெரிந்தது. அரை மணியில் தெளிந்தான். குமட்டல் மாத்திரை உண்டுதான். வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே போட வேண்டும். தூக்கம் வரவழைக்கும் என்பதால் பெரியவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மாதம் பார்த்துப் போவதும் முக்கியம். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும், அந்த நேரத்தில் மும்பைப் பக்கக் கப்பல் நம் பக்கம் வருவது அதனால்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலின் முறை. நாங்கள் போய்வந்த அதே 2023 டிசம்பரில்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அந்த மூன்று மாதத்தில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பெரியவர்களோடு கிளம்பாதீர்கள்.

பணம், போன் விஷயம் சுருக்கமாக. கரை விலகியதும் சிக்னல் போய்விடும். பிறகு போன் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகப் பிடித்தால் பில் எகிறும், ஏறியதுமே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். நெட் இல்லாவிட்டால் ஜிபே இல்லை. கிரெடிட் கார்டை அறைக் கணக்கோடு சேர்த்துக்கொள்வார்கள். டிக்கெட் விலைக்கு மேல் வரி, துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் என்ன என்று முன்பே கேட்டு வையுங்கள். ஏசி குளிர் அதிகம், சால்வை வேண்டும். மேல்தட்டுக் காற்றில் அம்மாவின் முந்தானை நிற்கவே இல்லை, ஊக்கு ஒரு டஜன் எடுத்துப்போங்கள். சாப்பாட்டு வரிசைக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

திருகோணமலையில் இறங்கியதும் நேரே கோணேஸ்வரம் போனோம். சம்பந்தர் பாடிய தலம். கோட்டைக்குள்ளே மான்கள் சாவகாசமாக மேய்கின்றன, பாறை உச்சியில் கோயில், கீழே செங்குத்தாகக் கடல். அம்மா அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கப்பல் யாருக்காகவும் நிற்காது. அவர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலா வண்டி தாமதமானால் பெரும்பாலும் காத்திருப்பார்கள், தனியாக ஆட்டோ பிடித்துப் போனால் நாம்தான் பொறுப்பு. கடைசி ஏறும் நேரத்தைக் கையில் எழுதிக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே திரும்பிவிட்டோம்.

கடைசி ராத்திரி பெரிய பெட்டிகளைத் திரும்பவும் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், காலையில் முனையத்தில்தான் கிடைக்கும். மறுநாள் உடுத்த வேண்டியதை எடுத்துவைக்காமல் எல்லாவற்றையும் கட்டிவிடாதீர்கள். அம்மா மாத்திரைப் பையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார். நாலரை மணிக்கே என்னை எழுப்பிவிட்டார். "இன்னிக்காவது என் கூட நில்லுடி."

நின்றேன். முதலில் கலங்கரை விளக்கத்தின் ஒளி மட்டும் சுழன்றது. அப்புறம் மஞ்சள் விளக்குகள், கிரேன்கள், ராயபுரம் பக்கத்துக் கூரைகள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே துறைமுகத்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கேர்ந்து பாத்தா எல்லார் மூஞ்சியும் தெரியுதுடி" என்றார். "நைனாவுக்கு எங்களத் தெரிஞ்சிருக்கும்."