நிற்காத விலை

2008-இல் நான் ஒரு இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். வரவு பவுண்டில், சரக்குக்குக் கொடுப்பது டாலரில். ஜூலையில் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 2 டாலர். ஒரு லட்சம் டாலர் பில்லுக்கு 50,000 பவுண்ட் ஒதுக்கினால் போதும். அந்தக் கணக்கை நம்பி ஆறு மாதத்துக்கான விலைப்பட்டியலையே அச்சடித்துவிட்டோம்.

செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. ஃபார்வர்டு ஒப்பந்தம், அதாவது பின்னால் வாங்கப்போகும் டாலருக்கு இப்போதே விலையை உறுதி செய்துகொள்ளும் ஒப்பந்தம், போட்டுவிடலாமா என்று மேலாளர் கேட்டார். நெருக்கடி அமெரிக்காவில்தானே, டாலர்தான் விழும் என்று நினைத்து, "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் சார்" என்று சொன்னவன் நான்.

டாலர் ஏறியது. உலகெங்கும் வங்கிகள் குறுகிய காலக் கடனாக டாலர் வாங்கி, அதைப் புதுப்பித்துப் புதுப்பித்தே ஓட்டிக்கொண்டிருந்தன. கடன் கொடுத்தவர்கள் கையை இறுக்கியதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டாலர் தேவைப்பட்டது. அக்டோபர் 13 அன்று அமெரிக்க மத்திய வங்கி, ஐரோப்பிய மத்திய வங்கிக்கும் பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கும் சுவிஸ் தேசிய வங்கிக்கும் வரம்பில்லாமல் டாலர் தர முன்வந்தது. அந்த அளவுக்குத் தட்டுப்பாடு. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

பவுண்டின் சரிவைக்கூடச் சமாளித்திருக்கலாம். விலை ஒரு இடத்தில் நிற்காததுதான் என்னை உலுக்கியது. முன்பெல்லாம் வங்கி டீலர் ஒரு விலை சொன்னால், மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து சரி என்று சொல்ல நேரம் இருக்கும். அக்டோபரில், அவர் சொன்ன எண்ணை நான் எழுதி முடிப்பதற்குள் "மாறிடுச்சு, புது விலை தரட்டுமா?" என்பார். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருந்த இடைவெளியும் அகன்றுகொண்டே போனது. திரையில் ஒன்று தெரியும், நமக்குக் கிடைப்பது வேறு. அக்டோபர் 24 அன்று பவுண்ட் ஒரே நாளில் பல சென்ட் இறங்கியது. அன்று ஒரு பில் கட்ட வேண்டியிருந்தது. காலையில் கட்டியிருக்கலாம். மதியத்துக்குள் கொஞ்சமாவது ஏறும் என்று காத்திருந்து, மாலையில் இன்னும் மோசமான விலைக்குக் கட்டினேன். அந்தப் பகலை இன்னும் மறக்கவில்லை.

நவம்பரில் பவுண்ட் 1.50 டாலரை ஒட்டி வந்துவிட்டது. அதே ஒரு லட்சம் டாலருக்கு இப்போது 66,000 பவுண்டுக்கு மேல். கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. "மீதி எத்தனை பில் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பாதித் தொகைக்கு அன்றே ஃபார்வர்டு போட்டோம். மீதியைக் கெடு நாளில் கிடைக்கும் விலைக்கே கட்டுவது, இடையில் யாரும் ஊகிப்பதில்லை என்று முடிவு செய்தோம். 2009 ஜனவரியில் பவுண்ட் 1.40-க்கும் கீழே போனபோது அந்தப் பாதிதான் எங்களைத் தாங்கியது.

அப்புறம், அடுத்த விலைப்பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: எந்த மாற்று விகிதத்தில் கணக்கிட்டோம், அது எவ்வளவு நகர்ந்தால் விலை மாறும் என்று. முதலில் அழைத்த வாடிக்கையாளர் கேட்டதும் அந்த வரியைப் பற்றித்தான். ஜூலையிலிருந்து நடந்ததை அவருக்கு ஒன்றுவிடாமல் சொன்னேன்.