நான்காவது கட்டம்

17 பிப்ரவரி 2025, திங்கள்

மலேசியாவில் இன்று பள்ளி திறந்துவிட்டது. எனக்குப் படிவம் ஒன்று, அதாவது இடைநிலைப்பள்ளி முதலாண்டு, 36 பேர். நுழைந்ததுமே தெரிந்தது: மலாய்ப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம், சீனப் பிள்ளைகள் முன்வரிசை, நம் பிள்ளைகள் பின்னால். குற்றம் சொல்ல முடியாது. ஆறு வருடம் மலாய், சீனம், தமிழ் என்று மூன்று வகைத் தொடக்கப்பள்ளியில் படித்துவிட்டு இன்றைக்குத்தான் பலர் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள்.

விவரத்தாள் கொடுத்தேன். இனம் என்ற இடத்தில் நான்கு கட்டம்: மலாய், சீனர், இந்தியர், மற்றவர். கடைசி மேசைப் பையன் மெதுவாகக் கேட்டான், "டீச்சர், நான் எதில் போடுவது?" கேரித் தீவிலிருந்து வருகிறான். மா மெரி என்ற பழங்குடி. "மற்றவரில் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்துகிறது.

20 பிப்ரவரி, வியாழன்

மலேசியத் தீபகற்பத்தில் ஒராங் அஸ்லி மக்கள் 18 பிரிவினர், அதில் ஒன்று மா மெரி. ஒராங் அஸ்லி என்றாலே ஆதி மக்கள் என்றுதான் பொருள். என் தாத்தா கப்பலேறி ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். அவருடைய பேத்திக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கெல்லாம் முன்பே இந்த மண்ணில் இருந்தவனை நான் 'மற்றவர்' ஆக்கினேன்.

அப்புறம் 'இந்தியர்' கட்டத்தையும் பார்த்தேன். ஒன்பது பேர். ஒருத்தி வீட்டில் தெலுங்கு, ஒருவன் மலையாளம், ஒருத்தி பஞ்சாபி.

5 மார்ச், புதன்

நோன்பு மாதம். சிற்றுண்டிச்சாலை திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் நான்கைந்து பேர் மாடிப்படிக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிட்டார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, தாங்களாகவே கூச்சப்பட்டார்கள். கூட்டிக்கொண்டு போய் மேசையில் உட்கார வைத்தேன்.

அங்கே மா மெரிப் பையனும் நம் தமிழ்ப் பெண் ஒருத்தியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கும் அதே தீவுதான், அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை. அவன் மரவள்ளிக்கிழங்கைப் பிட்டு அவளுடைய தேங்காய்ச் சட்டினியில் தோய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "சாப்டிங்களா டீச்சர்?" என்றான். நல்ல தமிழ்! தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடியே கற்றுக்கொண்டானாம். எனக்கு அவன் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது.

14 மார்ச், வெள்ளி

மா மெரிப் பையன் தன் தாத்தா செதுக்கிய முகமூடியைக் கொண்டு வந்தான். செம்பழுப்பு நிறத்தில் கனமான மரம், சதுப்புநிலத்து 'ஞிரே பாத்து'. முன்பக்கம் வழவழவென்று இருந்தது. உட்பக்கம் விரலை ஓட்டினால் உளி பட்ட ஒவ்வொரு வரியும் தட்டுப்பட்டது. நெற்றி உரசும் இடம் மட்டும் தேய்ந்து மினுங்கியது. முன்னோர் நாளில் இதைப் போட்டுக்கொண்டு ஆடுவோம் என்றான்.

நோன்பிருந்த மலாய்ப் பையன் ஒருவன் அதை முகத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். "முகத்தில் வேண்டாம், கையில் வைத்துப் பார்" என்றான் இவன். அவனும் சரி என்று இரண்டு கையாலும் வாங்கினான். தண்ணீருக்கு உங்கள் மொழியில் என்ன என்று ஒரு சீனப் பெண் கேட்டு, பதிலைச் சீன எழுத்தில் உள்ளங்கையில் குறித்துக்கொண்டாள். வகுப்பே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தது. எனக்கு நான்காவது தடவைதான் சரியாக வந்தது.

9 ஏப்ரல், புதன்

பெருநாள் விடுமுறை முடிந்துவிட்டது. இன்று கட்டமே இல்லாத தாள் கொடுத்தேன். ஒரு கோடு மட்டும். உன் வீட்டார் யார், நீயே எழுது. 'மலாய்' போட்டிருந்தவர்களில் ஏழு பேர் ஜாவா என்று எழுதினார்கள், ஒருத்தி பூகிஸ். சீனப் பிள்ளைகளிடமிருந்து ஹொக்கியன், தியோச்சூ, ஹக்கா எல்லாம் வந்தன. பக்கத்து மேசைக்காரன் ஜாவா என்று இன்றுதான் தெரிகிறது என்றான் ஒருவன். கடைசி மேசையில் 'மா மெரி' என்று கோட்டை மீறிப் பெரிய எழுத்து.

அலுவலகத்தில் நான்கு கட்டத் தாளைத்தான் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.