ஒரே கெர்னல்: ஜனவரி நாட்குறிப்பு

12 ஜனவரி 2024, வெள்ளி

மொரீஷியஸின் எபேன் அலுவலகத்தில் இன்றும் அதே பேச்சு. "கன்டெய்னர்னா லேசான வி.எம்., அவ்வளவுதானே?" என்று மேலாளர் மறுபடி கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி வாடிக்கையாளர்களின் சர்வர்களை எல்லாம் இடம் மாற்றப் போகிறோம். அதுதான் எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம்.

வி.எம்., அதாவது விர்ச்சுவல் மெஷின், முழுக் கணினியின் வேடம். ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அதற்கு சிபியு, நினைவகம், டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் இருப்பதாகக் காட்டுகிறது. அதை நம்பி அது தன் சொந்தக் கெர்னலை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை, பூட் செய்கிறது. கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் கிடையாது. ஹோஸ்ட்டின், அதாவது அதைத் தாங்கும் கணினியின், கெர்னல் மேலேயே ஓடும் சாதாரண ப்ராசஸ் (ஓடும் நிரல்) அது. அதன் கண்ணுக்கு எது தெரியலாம் என்பதை நேம்ஸ்பேஸ் தீர்மானிக்கிறது. எவ்வளவு நினைவகம், எவ்வளவு சிபியு எடுக்கலாம் என்பதை சிகுரூப் அளந்து கொடுக்கிறது. உள்ளே நின்று பார்த்தால் அது ப்ராசஸ் எண் 1. ஹோஸ்ட்டில் நின்று பார்த்தால் நூற்றுக்கணக்கான ப்ராசஸ்களில் ஏதோ ஒன்று.

மாலையில் அவர் முன்னால் ஓர் உபுண்டு கன்டெய்னரையும் ஒரு டெபியன் கன்டெய்னரையும் ஓடவிட்டு, இரண்டிலும் கெர்னல் பதிப்பைக் கேட்டுக் காட்டினேன். இரண்டிலும் ஒரே பதில், ஹோஸ்ட்டின் பதில். "சரி" என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

மாமாவின் ஸ்கேன் முடிவு திங்கட்கிழமை வருமாம்.

14 ஜனவரி, ஞாயிறு

பெலால் புயல் பக்கத்துத் தீவு ரீயூனியனை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. மாமி மெழுகுவர்த்தியும் பிஸ்கட்டும் வாங்கி அடுக்கிவிட்டார்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். வாசலில் வைக்க முடியவில்லை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு கேஸ் அடுப்பிலேயே பொங்கினோம். ரீயூனியனில் ஊதா எச்சரிக்கை, இருப்பதிலேயே உயர்ந்தது. இங்கே போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம், கார்கள் அடித்துக்கொண்டு போகிற வீடியோக்கள் ஃபோன் முழுக்க. மாமி 2013 மார்ச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்தத் திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். எங்கள் ஊர் கத்ர் போர்னில் காற்றும் மழையும்தான்.

கரண்ட் போவதற்குள் வீட்டிலிருந்தே ஒரு ஹோஸ்ட்டைக் காலி செய்தோம். அதிலிருந்த வி.எம்.களை நிறுத்தாமலே பக்கத்து ஹோஸ்ட்டுக்கு நகர்த்த முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நினைவகத்தை அப்படியே நகலெடுத்து, அதற்குள் மாறிப்போன பக்கங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பி, கடைசியில் கண் இமைக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்துவிடும். உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு இடம் மாறியதே தெரியாது. கன்டெய்னர்களை வழக்கமாக யாரும் அப்படிச் சுமப்பதில்லை. இங்கே முடித்துவிட்டு அங்கே அதே இமேஜிலிருந்து (நிரலும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொட்டலம்) புதிதாகத் தொடங்கினோம். பூட் என்று ஒன்று இல்லாததால் சில விநாடிகளில் எழுந்துவிட்டன. கன்டெய்னரின் மேலடுக்கில் எழுதியது எதுவும் அதை நீக்கும்போது கூடவே போய்விடும். டேட்டா எல்லாம் கன்டெய்னருக்கு வெளியே, வால்யூமில் இருந்தது, அதனால் கவலையில்லை.

ஸ்கேன் முடிவு வரவில்லை. எங்கே வரும், ஊரே அடைத்துக் கிடக்கிறது.

16 ஜனவரி, செவ்வாய்

காவடி விரதம். கரண்ட் இல்லை. முடிவும் இல்லை.

18 ஜனவரி, வியாழன்

வாடிக்கையாளர் ஒருவரின் ஜாவா நிரல் காலையிலிருந்து எழுவதும் சாவதுமாக இருந்தது. வெளியேறும் எண் 137. அதாவது 128 கூட்டல் 9. 9 என்பது கொல்லும் சிக்னல், கெர்னலே கொன்றிருக்கிறது. கன்டெய்னருக்கு 2 ஜிபி வரம்பு, ஹோஸ்ட்டில் இருப்பது 64 ஜிபி. அது பழைய ஜாவா 8. எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று அது கேட்டால் ஹோஸ்ட்டின் 64-தான் தெரியும். அதில் கால் பங்கு, 16 ஜிபி வரை ஹீப் (நிரல் தன் டேட்டாவுக்கு எடுக்கும் நினைவகம்) வளரலாம் என்று எடுத்துக்கொள்கிறது. 2 ஜிபியைத் தாண்டினதும் சிகுரூப் வரம்பு, அப்புறம் மரணம். 2018-இல் வந்த 191ஆம் புதுப்பிப்பிலிருந்துதான் ஜாவா 8 சிகுரூப் வரம்பைச் சரியாகப் படிக்கிறது. பதிப்பை ஏற்றியதும் சாவது நின்றது.

வி.எம்.மில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. 2 ஜிபி கொடுத்தால் அதன் கெர்னலுக்கு உலகில் இருப்பதே 2 ஜிபிதான். கன்டெய்னரில் எல்லாமே மறைக்கப்படுவதில்லை, சிலவற்றைத்தான் நேம்ஸ்பேஸ் பிரிக்கிறது. நினைவகக் கணக்கு அதில் வராது. தேதியும் அப்படித்தான், கன்டெய்னருக்கென்று தனித் தேதி வைக்க முடியாது. எது பிரிந்திருக்கிறது, எது பொது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதைத்தான் "லேசான வி.எம்." என்ற பேச்சு மறைத்துவிடுகிறது.

21 ஜனவரி, ஞாயிறு

எதை மாற்றுவது, எதை விடுவது என்று உட்கார்ந்து எழுதினேன். டாங்கிள் (உரிமம் சரிபார்க்கும் சிறு கருவி) செருகி ஓடும் அந்தப் பழைய மென்பொருள் தன் கெர்னல் மாட்யூலை, அதாவது கெர்னலோடு சேரும் துண்டை, ஏற்றச் சொல்கிறது. கன்டெய்னருக்காக ஏற்றினாலும் எல்லோருக்கும் பொதுவான கெர்னலில்தான் ஏறும். அது வி.எம்.மிலேயே இருக்கட்டும். விண்டோஸில் ஓடும் சம்பளக் கணக்குக்கு வேறு கெர்னல் வேண்டும், அதுவும் அங்கேயே. சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸுக்கு ஜூன் 30-உடன் ஆயுள் முடிகிறது, கன்டெய்னருக்குள் போட்டுவிட்டால் பிரச்சினை தீரும் என்கிறார்கள். தீராது. கெர்னல் மட்டும் ஹோஸ்ட்டினுடையது, புதியது. உள்ளே இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் பழையதாகவே இருக்கும், அதற்கு சென்ட்ஓஎஸ் தரப்பிலிருந்து திருத்தம் வரப் போவதில்லை.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: லினக்ஸ் கெர்னலுக்குள் தேடினால் கன்டெய்னர் என்று ஒரு பொருளே கிடையாது. நிரலை ஒரு ஃபோல்டருக்குள் அடைக்கும் க்ரூட், 1979-இல் யூனிக்ஸில் வந்தது, அதிலிருந்து யோசனை தொடங்குகிறது, 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி ஜெயில். லினக்ஸுக்கு நேம்ஸ்பேஸ்கள் ஒவ்வொன்றாக வெவ்வேறு ஆண்டுகளில் வந்தன. கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய சிகுரூப் 2008 ஜனவரியில் சேர்ந்தது. 2013-இல் டாக்கர் என்ற கருவி இவற்றைக் கோத்து எல்லோர் கையிலும் கொடுத்தது. வி.எம். வேறு வம்சம். ஐபிஎம் அதை 1960-களிலேயே மெயின்ஃப்ரேமில் ஓட்டிவிட்டது.

மாமா இன்று கொஞ்சம் சாப்பிட்டார்.

24 ஜனவரி, புதன்

வாடிக்கையாளர்கள் தாங்களே எழுதும் ஸ்கிரிப்டுகளை நம் சர்வரில் ஓட்டிக்கொள்ள ஒரு புதுச் சேவை. அதையும் ஒரே ஹோஸ்ட்டில், பக்கத்துப் பக்கத்துக் கன்டெய்னர்களில் போட்டுவிடலாம் என்கிறார்கள். செலவு குறையும், உண்மைதான். எனக்கு மனம் ஒப்பவில்லை, குரலைக் கூட உயர்த்திவிட்டேன்.

நம்முடைய சொந்த நிரல்கள் பத்து ஒரே கெர்னலில் இருக்கட்டும், நானே போடுகிறேன். முன்பின் தெரியாதவர் எழுதிய நிரல் வேறு. லினக்ஸில் 300-க்கும் மேல் சிஸ்டம் கால்கள், அதாவது நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழிகள், இருக்கின்றன. டாக்கர் வழக்கமாகத் தடுப்பது சுமார் 44. மீதி வழியாகக் கன்டெய்னருக்குள் இருப்பவர் நேராக ஹோஸ்ட்டின் கெர்னலோடு பேசுகிறார். அங்கே ஓர் ஓட்டை கிடைத்தால் எல்லோர் வீட்டுக்கும் வழி. வி.எம்.மில் தன் கெர்னலை உடைத்த பிறகு ஹைப்பர்வைசரையும் உடைக்க வேண்டும். அதுவும் நடக்காததல்ல. 2015-இல், வி.எம்.களை ஓட்டும் க்யூஇஎம்யுவின் ஃப்ளாப்பி நிரலில் வெனம் என்ற ஓட்டை வந்தது. ஆனால் தாக்கக்கூடிய பரப்பு அங்கே எவ்வளவோ சிறியது. அமேசான், பிறர் நிரலை ஓட்டித் தரும் தன் லாம்டா சேவைக்காக ஃபயர்கிராக்கரை எழுதியது சும்மாவா? 125 மில்லி விநாடியில் ஒரு குட்டி வி.எம். எழுகிறது, சொந்தக் கெர்னலோடு.

முடிவு சொல்லாமல் கூட்டத்தை முடித்தார்கள். கிளினிக்கும் அப்படித்தான், இன்னும் சொல்லவில்லை.

25 ஜனவரி, வியாழன்

தைப்பூசம். மச்சான் மாமாவுக்காகக் காவடி எடுத்தான். மாமி வழி முழுக்கக் கிரியோலில் முருகனிடம் பேசிக்கொண்டே நடந்தார். தூரத்தில் கோர் தெ கார்த் மலை, நல்ல வெயில். வாழையிலையில் ஏழு கறி. ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

27 ஜனவரி, சனி

முடிவு வந்தது. இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

1 பிப்ரவரி, வியாழன்

அடிமை ஒழிப்பு நாள், விடுமுறை. காலையில் ஃபோனைத் திறந்தால் ரன்சி, டாக்கருக்குக் கீழே கன்டெய்னரைத் தொடங்கிவைக்கும் கருவி. அதில் ஓர் ஓட்டை, பதிவு எண் சிவிஇ-2024-21626. கன்டெய்னரைத் தொடங்கும்போது ஹோஸ்ட்டின் பக்கம் திறந்திருக்கும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த கோப்பைப் பிடித்திருக்கும் எண்) ரன்சி மூடாமல் உள்ளே விட்டுவிடுகிறது. இமேஜை எழுதுபவர் வேலை செய்யும் ஃபோல்டரை அந்த டிஸ்கிரிப்டருக்கு வைத்துவிட்டால், உள்ளே தொடங்கும் ப்ராசஸ் ஹோஸ்ட்டின் கோப்புகளுக்கு நடுவில் நிற்கும். 1.1.11 வரை இந்த ஓட்டை, 1.1.12-இல் அடைத்திருக்கிறார்கள். 2019 பிப்ரவரியிலும் ரன்சிதான், அப்போது ஹோஸ்ட்டில் இருக்கும் ரன்சியின் மேலேயே எழுதிவிட முடிந்தது.

இது கெர்னலின் ஓட்டைகூட இல்லை, சுவர் எழுப்பும் கருவியின் ஓட்டை. அந்த ஸ்கிரிப்ட் சேவையைத் திறந்திருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது.

ஒன்பது மணிக்கு மேலாளரே அழைத்தார். ஸ்கிரிப்ட் சேவையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வி.எம். வைத்தால் எவ்வளவு நினைவகம் கூடும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். ஒவ்வொரு வி.எம்.முக்கும் ஒரு கெர்னல் ஆகும் இடத்தைக் கூட்ட வேண்டும், கூடத்தான் செய்யும். "பரவாயில்லை, போடுங்க" என்றார்.

முதலில் ரன்சி. ஓடிக்கொண்டிருப்பவற்றை நிறுத்த வேண்டியதில்லை, புதிதாகத் தொடங்குபவைதான் புதுப் பதிப்பைப் பயன்படுத்தும். பழைய இமேஜ்களையும் திறந்து பார்க்க வேண்டும், வேலை செய்யும் ஃபோல்டர் எங்கே வைத்திருக்கிறது என்று. நாளை எட்டு மணிக்கு மாமாவின் ஸ்கேன். லேப்டாப்பையும் கிளினிக்குக்கு எடுத்துப் போகிறேன்.