சிக்னல்காரர்கள் சங்கம்

ரயிலில் வேலை என்றதும் "ஓட்டுறீங்களா அண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள். சிங்கப்பூர் நார்த் ஈஸ்ட் லைனில் 2003லிருந்தே ஓட்டுநர் கிடையாது! நம்ம பிழைப்பு சிக்னலில். இதற்கென்றே ரயில்வே சிக்னல் பொறியாளர் கழகம், சுருக்கமாக ஐஆர்எஸ்இ, 1912ல் பிரிட்டனில் தொடங்கியது, இங்கேயும் கிளை உண்டு. உரை, கருத்தரங்கு, அப்புறம் சாப்பாடு, எல்லாச் சங்கத்திலும் இருப்பதுதான்.

கழகம் நடத்தும் தேர்வுதான் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும். வெறும் தண்டவாள வரைபடத்தைக் கையில் கொடுத்து, எங்கெங்கே சிக்னல் வைப்பாய், வரைந்து காட்டு என்பார்கள். வேகம், சரிவு, பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம், எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது லண்டன் கிளாப்ஹம் ஜங்ஷன், 1988 டிசம்பர். புது ஒயரிங் போட்டபோது பழைய ஒயரை வெட்டி ஒதுக்கிக் கட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார் ஒருவர், அது பழைய இடத்திலேயே போய்த் தொட, சிவப்பு விழ வேண்டிய சிக்னலில் சிவப்பு விழவில்லை, ரயில்கள் மோதி 35 பேர் இறந்துபோனார்கள். அவர் முந்தைய 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு எடுத்திருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. செய்த வேலையைத் தனியாக இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. அவரை மட்டும் திட்டி என்ன பயன்? 1994ல் கழகம் கொண்டுவந்த உரிமத் திட்டத்தில், சிக்னல் வேலை பார்ப்பவரின் திறமையை வேலை செய்யும் இடத்திலேயே சோதித்துத்தான் உரிமம் தருகிறார்கள்.

இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது தேர்வு எழுதுகிறீர்களா? இன்பாக்ஸில் வாங்க, சேர்ந்து படிக்கலாம்.