ஈருறுப்புக் கோவையும் இருசொற் பெயரும்

‘இண்டிகா’ என்று மட்டும் சொன்னால் எந்த மரம்? மா ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’, வேம்பு ‘அசாடிராக்டா இண்டிகா’, புளி ‘டாமரிண்டஸ் இண்டிகா’. இரண்டாவதாக வரும் சிற்றினச் சொல் தனியாக நின்றால் எந்த உயிருக்கும் பெயர் ஆகாது. முன்னால் பேரினம், அதாவது நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்த தொகுதியின் பெயர், வந்தாக வேண்டும். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் இந்த இருசொற் பெயரைச் சீராகக் கையாண்டார். அதுவரை ஒரு செடியின் பெயரே ஒரு வரி நீளத்துக்கு லத்தீன் வருணனையாக இருந்தது.

எழுதும்போது பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. சிற்றினம் நாட்டின் பெயரிலிருந்து வந்திருந்தாலும் சிறிய எழுத்துதான். அச்சில் சாய்வெழுத்து. கையால் எழுதினால் இரண்டு சொற்களுக்கும் தனித்தனி அடிக்கோடு. ஒரே கோடாக இழுத்துவிடுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. சிற்றினச் சொல் பேரினத்தின் லத்தீன் இலக்கணப் பாலுக்கு ஏற்ப மாறும் என்பதால் எள் மட்டும் ‘செசாமம் இண்டிகம்’. விலங்குகளில் ஒரே சொல் இரு முறை வரலாம், நாகம் ‘நாஜா நாஜா’. தாவரவியல் விதி அதை அனுமதிப்பதில்லை.

ஆங்கிலத்தில் ‘பைனாமியல்’ என்ற அதே சொல் இயற்கணிதத்திலும் உண்டு, அங்கே அது ஈருறுப்புக் கோவை: ஒன்றாகச் சேராத இரண்டு உறுப்புகள். 3அ + 5 ஈருறுப்பு. 3அ + 5அ அப்படியல்ல, அது 8அ என்று ஓருறுப்பாகச் சுருங்கிவிடும். எண்ணுவதற்கு முன் ஒத்த உறுப்புகளைச் சேர்த்துவிட வேண்டும்.

பெரிய தவறு வர்க்கத்தில் நடக்கிறது: (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று முடித்துவிடுவது. 3, 4 என்று போட்டுப் பாருங்கள். 7² = 49; 9 + 16 = 25. காணாமல் போன 24தான் 2அஆ. அடுக்கு 4 என்றால் கெழுக்கள், அதாவது உறுப்புகளின் முன் நிற்கும் எண்கள், 1, 4, 6, 4, 1. (2அ − 3)⁴ விரித்தால் 16அ⁴ − 96அ³ + 216அ² − 216அ + 81. இங்கே 2ஐயும் சேர்த்து அடுக்கேற்ற மறப்பவர்கள் முதல் உறுப்பை 2அ⁴ என்று எழுதுவார்கள். அ = 1 என்று இட்டால் இடப்பக்கம் 1; வலப்பக்கமும் 1 வராவிட்டால் எங்கோ பிழை.

வர்க்கத்தில் காணாமல் போன 2அஆ என்ற அந்த நடு உறுப்பு உயிரியலிலும் வருகிறது, பெயரிடுவதில் அல்ல, மரபியலில். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் ஜெர்மன் மருத்துவர் வெயின்பெர்க்கும் 1908இல் தனித்தனியே எழுதியது இந்த வர்க்கம்தான். ஒரு மரபணுவின் மாற்று வடிவம்தான் அல்லீல். ஓங்கு அல்லீலின் பங்கு அ, ஒடுங்கு அல்லீலின் பங்கு ஆ, இரண்டும் சேர்ந்து 1. அடுத்த தலைமுறை அ² + 2அஆ + ஆ².

ஒடுங்கு நோய் ஒன்று, அதாவது ஒடுங்கு அல்லீல் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வரும் நோய், 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆ² = 0.0001, ஆ = 0.01, அ = 0.99. 2அஆ = 0.0198. அதாவது நோயாளி ஒருவர். நோயில்லாமல் அந்த அல்லீலைச் சுமப்பவர்கள் 198 பேர், ஏறக்குறைய 50இல் ஒருவர். நடு உறுப்பை விட்டுவிட்டால் இவர்கள் அத்தனை பேரும் கணக்கிலேயே இல்லை.

இந்தக் கணக்கு நிற்க, திருமணங்கள் உறவு பார்க்காமல் அமைய வேண்டும். நம் ஊரில் அது எப்போதும் அப்படியில்லை. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பில் ஆ² உடன் அஆவில் 1/16 பங்கு கூடும். தாய்மாமன், அக்காள் மகள் மணத்தில் 1/8. மேலே சொன்ன அதே நோய்க்கு முதல் வகையில் 10,000க்குச் சுமார் 7, இரண்டாவதில் சுமார் 13.