பதிவில் வராத வேலை

தொழில்நுட்ப நிறுவனங்களின் தலைவர்கள் சமூக ஊடகங்களில் காலம் கழிப்பதைக் குறைகூறுபவர்கள், பெரும்பாலும் அதில் வீணாகும் நேரத்தையே கணக்கெடுக்கிறார்கள். மட்டக்களப்பில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பல வருடங்களாகப் பணியாற்றிவரும் எனக்கு, நேரம் அவ்வளவு பெரிய விடயமாகத் தெரியவில்லை. தலைவர் ஒருவர் நாளுக்குப் பத்துப் பதிவுகள் இட்டாலும் பொறியியலாளர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருப்பார்கள். ஆனால் பதிவில் எது எடுப்பாகத் தெரியுமோ அதுவே நிறுவனத்துக்குள்ளும் முக்கியமான வேலையாக மாறத் தொடங்கும்போது, புதியன செய்யும் திறன் குறைவதில்லை; அது வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

ஈலோன் மஸ்க்கை உதாரணமாகக் கொண்டு எந்தக் கட்சியிலும் வாதாடலாம். 2018 ஓகஸ்ட் 7 ஆம் திகதி, தான் தலைமை வகிக்கும் மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லாவின் பங்குகளை 420 டொலர் வீதம் வாங்கி அதைத் தனியார் நிறுவனமாக்க எண்ணுவதாகவும் அதற்கான நிதி உறுதியாகிவிட்டதாகவும் அவர் டுவிட்டரில் எழுதினார். அந்தச் சில சொற்களுக்காக அவரும் டெஸ்லாவும் தலா இரண்டு கோடி டொலர் அபராதம் செலுத்த நேர்ந்ததுடன், பணிப்பாளர் சபைத் தலைவர் பதவியையும் அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அதே வருடம் பெப்ரவரியில்தான் அவருடைய ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஃபல்கன் ஹெவி ரொக்கெட்டை முதன்முறையாக ஏவியது. 2022 ஒக்டோபரில் 4,400 கோடி டொலர் கொடுத்து டுவிட்டரையே வாங்கி, முன்னரிலும் அதிகமாக எழுதத் தொடங்கிய பிறகும், 2024 ஒக்டோபரில் ஸ்டார்ஷிப் ரொக்கெட்டின் கீழ்ப்பகுதியை ஏவுதளக் கோபுரத்தின் கைகளாலேயே பிடித்துக் காட்டியது ஸ்பேஸ்எக்ஸ். எனவே அதிகம் எழுதுபவரின் நிறுவனம் புதிதாக எதையும் செய்யாது என்று சொல்லிவிட முடியாது.

ஆயினும், ரொக்கெட் என்பது தானே காட்சியாகிவிடும் பொருள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அது தரையிறங்கினால் உலகமே பார்க்கும், வெடித்தாலும் பார்க்கும். தானாக ஓடும் கார் அப்படிப்பட்டதல்ல. 2017 முடிவதற்குள் லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயோர்க் வரை யாரும் கைவைக்காமலேயே ஒரு கார் ஓடிக் காட்டும் என்று 2016 ஒக்டோபரில் மஸ்க் அறிவித்தார். அந்தப் பயணம் சொன்ன காலத்தில் நடக்கவில்லை. டெஸ்லாவின் ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார்கள் 2025 ஜூனில் ஒஸ்டின் நகரில் ஓடத் தொடங்கியபோதுகூட, பக்கத்து ஆசனத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். மழையிலும் மங்கிய வெளிச்சத்திலும் கார் சரியாக ஓட வேண்டுமென்றால், யாருக்கும் படம் பிடித்துக் காட்ட முடியாத ஆயிரம் சின்னத் திருத்தங்கள் வேண்டும்.

எங்கள் வேலை அதைவிட எவ்வளவோ சிறியது. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் ஆலைகளுக்கு நிறுவை, கொள்வனவு, கொடுப்பனவுக் கணக்குகளுக்கான மென்பொருளைச் செய்கிறோம். பெரும்போக அறுவடைக் காலத்தில் ஆலை வாசலில் உழவு இயந்திரங்களும் லொறிகளும் வரிசையாக நிற்கும். அந்த நேரம் பார்த்து இணையம் அறுந்துவிடும். எழுதுவினைஞர் கையால் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் கணினியில் பதிவார். இணைப்பு மீண்டதும் ஒரே லொறி இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். பணம் கொடுக்கும் நாளில் வேளாண்மைக்காரருக்கும் ஆலைக்காரருக்கும் வாக்குவாதம் வரும்.

இதைத் தீர்ப்பதற்காக, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து எங்களிடம் வந்த ஒரு தங்கை பல மாதங்கள் உழைத்தார். ஒவ்வொரு நிறுவைக்கும் ஆலையிலுள்ள கணினியே தனி இலக்கம் வழங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும்; இணைப்பு வந்ததும் அனுப்பும்; ஏற்கெனவே வந்த இலக்கம் மறுபடி வந்தால் மறுமுனை அதை ஏற்காது. இவ்வளவு வேலைக்கும் திரையில் தெரிந்த ஒரே மாற்றம் மூலையிலிருந்த சிறிய பச்சைப் புள்ளி மட்டுமே. அதே காலத்தில் கைத்தொலைபேசியில் வண்ண வரைபடங்கள் காட்டும் பகுதி ஒன்றும் தயாரானது. எங்கள் பணிப்பாளர் அதைப் பற்றி லிங்க்ட்இன்னில் எழுதிய பதிவுக்குக் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வாழ்த்துகள் குவிந்தன. அடுத்த கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் வரைபட வேலைக்கு மாற்றப்பட்டார்கள். அந்தத் தங்கை தனித்துப்போனார். அந்த வரைபடங்களை ஓர் ஆலை முதலாளியிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். ஹாஜியார் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “தம்பி, படமெல்லாம் வடிவாத்தான் இரிக்கி, லைன் இல்லாட்டியும் துண்டு வருமா?” என்று கேட்டார்.

பணிப்பாளரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கொழும்புக்கு வெளியே இப்படியொரு நிறுவனம் இருக்கிறது என்று யாராவது சொல்லாவிட்டால் முதலீடும் வராது, படித்த பிள்ளைகளும் இங்கே தங்கமாட்டார்கள். இருவர் அந்தப் பதிவுகளைப் பார்த்துத்தான் எங்களிடம் விண்ணப்பித்தார்கள். (வந்த பிறகு அவர்களும் வரைபடம் செய்யவே ஆசைப்பட்டார்கள் என்பது வேறு கதை.)

நிதானமான கைகளுக்கும் உதாரணம் உண்டு. சமூக ஊடகத்தில் எழுதுவதில் சளைக்காத, ஸோஹோ என்ற இந்திய மென்பொருள் நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு, 2025 ஜனவரியில் தலைமை நிறைவேற்று அதிகாரி பொறுப்பை விட்டுவிட்டு ஆய்வுக்கென முதன்மை விஞ்ஞானியாக மாறினார்; எழுதுவதையும் அவர் நிறுத்தவில்லை. மறுபுறம், கணினிச் சில்லுகள் செய்யும் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங்கை மேடையில் தோல் அங்கியுடன் பார்க்கலாமே தவிர, அன்றாடச் சச்சரவுகளில் காண முடியாது. அந்த நிறுவனம் கணினியில் படங்களைக் காட்டுவதற்கான வரைகலை அட்டைகளைப் பொதுவான கணக்கீட்டு வேலைகளுக்கும் பயன்படுத்த உதவும் கூடா (CUDA) என்ற மென்பொருள் தளத்தை 2006 இல் அறிவித்தது. 2012 இல் டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி விளையாட்டுகளுக்கான அந்நிறுவனத்தின் இரண்டு வரைகலை அட்டைகளைக் கொண்டு படங்களை அடையாளம் காணும் போட்டியில் வென்ற பிறகுதான் அதன் பெறுமதி பலருக்கும் உறைத்தது. இடைப்பட்ட ஆறு வருடங்களையும் கைதட்டலை வைத்து அளந்திருந்தால், கூடா நடுவழியிலேயே கைவிடப்பட்டிருக்கக்கூடும்.

நெல்லின் ஈரப்பதத்தை மானியிலிருந்து நேரடியாகக் கணக்கில் ஏற்றும் வேலையை இப்போது எங்கள் நிறுவனத்தில் தொடங்கியிருக்கிறோம். பெரும்போகத்துக்கு முன்பே அதை அறிவித்துவிட வேண்டும் என்பது பணிப்பாளரின் விருப்பம். ஒரு போகம் முழுவதும் ஓர் ஆலையில் ஓடிய பிறகே எழுதுங்கள் என்று நானும் அந்தத் தங்கையும் கேட்டிருக்கிறோம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.