தப்பான கோயிலில் ஆரம்பித்த நடை

வெஸ்ட்மின்ஸ்டரில் கத்தோலிக்கப் பேராயராக இருந்த கர்தினால் பேசில் ஹியூமின் கல்லறையைத் தேடி, முதலில் தப்பான கோயிலுக்குத்தான் போனேன். லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் என்றதும் ராஜா ராணிக்கு முடிசூட்டும் அபேதானே நினைவுக்கு வரும்! டிக்கெட் வரிசையில் அரை மணி நேரம் நின்று, "கர்தினால் பேசில் ஹியூம் கல்லறை எந்தப் பக்கம்?" என்று காவலரைக் கேட்டேன். தினமும் யாராவது கேட்பார்கள் போலிருக்கிறது. சிரிக்காமல் விக்டோரியா தெருப் பக்கம் கையைக் காட்டினார். "இது ஆங்கிலிக்கன், இங்கிலாந்துத் திருச்சபை. கத்தோலிக்கக் கோயில் அந்தக் கோடியில்."

சரி என்று நடந்தேன். கடைகளுக்கு நடுவே சிவப்புச் செங்கலும் வெள்ளைக் கல்லும் பட்டை பட்டையாகத் தெரிந்தது, 1903-இல் திறந்த பேராலயம். உள்ளே கீழ்ச்சுவரெல்லாம் பளிங்கு. அண்ணாந்தால் அலங்காரம் முடியாமல் நிற்கும் வெறும் செங்கல், பல வருட மெழுகுவர்த்திப் புகை ஏறிக் கன்னங்கரேலென்று. பளிங்கைவிட எனக்கு அந்தக் கருப்புதான் பிடித்தது.

நுழைந்ததும் வலப்பக்கம், புனித கிரகோரியார், அகுஸ்தினார் சிற்றாலயம். அங்கேதான் ஹியூமின் அடக்கம். 597-இல் இங்கிலாந்தில் வந்திறங்கிய துறவி அகுஸ்தினார், கான்டர்பரியின் முதல் பேராயர். மடத்திலிருந்து வந்த இன்னொருவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

1923-இல் நியூகாசிலில் பிறந்தவர் ஹியூம். அப்பா புராட்டஸ்டன்ட், இதய மருத்துவர். அம்மா பிரெஞ்சுக் கத்தோலிக்கர். 18 வயதில் ஆம்பிள்ஃபோர்த் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் பாடம், மைதானத்தில் ரக்பி, 1963-லிருந்து மடத்தின் தலைவர். ஆயராக ஒரு நாள்கூட இருந்ததில்லை. 1976-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நேரே பேராயராக்கிவிட்டார்.

மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள், வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்ன நாள். காலையில் இந்தப் பேராலயத்தில் ஆயராகத் திருநிலைப்பாடு. அன்று மாலையே தம் மடத்துச் சகோதரர்களோடு போய் மாலைப் புகழ் என்ற மாலைச் செபத்தைப் பாடினார். எங்கே? நான் தப்பாகப் போய் நின்றேனே, அதே அபேயில். அது ஒரு காலத்தில் பெனடிக்ட் துறவிகளின் மடம். எட்டாம் ஹென்றி 1540-இல் மூடினார். மேரி அரசி மறுபடி திறந்தார். 1559-இல் எலிசபெத் காலத்தில் துறவிகள் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டார்கள். நானூறு வருடம் கழித்து அந்தக் கூரைக்குக் கீழே மறுபடி அதே சபையின் குரல்!

1999 ஏப்ரலில் ஹியூமுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது, முற்றிய நிலை. ஆம்பிள்ஃபோர்த் மடத் தலைவரிடம் சொன்னபோது அவர், வாழ்த்துகள், அருமையான செய்தி, நானும் கூட வர முடிந்தால் நன்றாயிருக்கும் என்றாராம். நம் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஜூன் 17-இல் ஹியூம் இறந்தார்.

ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். முதல் திரி அணைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பாட்டி தன் சுடரிலிருந்து கொளுத்திக் கொடுத்தார்.

அப்புறம் வந்த வழியே அபேக்குத் திரும்பினேன். மாலைச் செபத்துக்கு டிக்கெட் வேண்டாம். அதே காவலர் தலையசைத்து உள்ளே விட்டார். பாடகர் குழு மரியன்னையின் பாடலை ஆங்கிலத்தில் எடுத்தது. பழக்க தோஷம், என் வாய் தமிழில் போனது: "என் ஆன்மா ஆண்டவரை ஏற்றிப் போற்றுகின்றது..."